இறக்கை உடலோடு சேரும் இடம்

ஸ்கேல் மாடல், அதாவது நிஜ விமானத்தின் அளவைக் குறைத்துச் செய்த பிளாஸ்டிக் மாடல், கட்டத் தொடங்கும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் பட்டி வாங்கலாம் அண்ணா?" என்றுதான். பட்டி என்றால் இடுக்கை அடைக்கும் பசை மாவு, ஆங்கிலத்தில் putty. நியாயமான கேள்வி. விமானத்தின் இரண்டு பாதிகளையும் ஒட்டியாகிவிட்டது, நடுவில் ஒரு கோடு பல்லிளிக்கிறது, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு. எதையாவது வைத்து அடைத்துத்தானே ஆக வேண்டும்? ஆனால் நான் பதிலுக்கு வேறொன்று கேட்பேன். அந்த இடுக்கு ஏன் வந்தது? அதற்கு விடை தெரியாமல் பட்டி டப்பாவைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

என் மேசைமேல் இப்போது இருப்பது 1/144 அளவில் ஒரு டியூ-142, நம் கடற்படை வைத்திருந்த ரஷ்யக் கடல் கண்காணிப்பு விமானம். வடாற்காட்டுக்காரர்களுக்கு இந்த விமானத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் 1992 மார்ச் 11 அன்று தொடங்கப்பட்டது. கோவாவில் இருந்த டியூ-142 அணி அங்கே இடம் மாறி வந்தது. 2017 மார்ச் 29 அன்று அவை ஓய்வு பெறும் வரை, காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போகிறவர்கள் சோளிங்கர் தாண்டினால் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. நான்கு டர்போபிராப் எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொபெல்லர். அந்த உறுமலைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதைக் கட்டாமல் இருக்க முடியாது. அரக்கோணம் அப்போது வேலூர் மாவட்டம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ராணிப்பேட்டையோடு போய்விட்டது. விமானம் மட்டும் எனக்கு இன்னும் எங்கள் ஊர் விமானம்தான்.

நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 50 மீட்டர். 144-ஆல் வகுத்தால் 35 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கை இடுக்குக்கும் போட்டுப் பாருங்கள். மாடலில் 0.2 மில்லிமீட்டர் இடுக்கு என்றால், நிஜத்தில் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் கட்டைவிரல் நுழையும் பிளவோடு எந்த விமானமாவது பறக்குமா? வண்ணம் எவ்வளவு அழகாக அடித்தாலும், அந்த ஒரு கோடு தெரிந்த கணத்தில் அது விமானமாக இல்லாமல் ஒட்டிய பிளாஸ்டிக்காக ஆகிவிடுகிறது. இந்த வேலையில் நான் இவ்வளவு மெனக்கெடுவதற்கு அதுதான் காரணம்.

சரி, இடுக்கு எங்கிருந்து வருகிறது?

கிட்டின், அதாவது பெட்டியில் வரும் மாடல் தொகுப்பின், பாகங்கள் எல்லாம் எஃகு அச்சுக்குள் உருக்கிய பாலிஸ்டைரீனை அழுத்திச் செலுத்தி எடுத்தவை. ஆறும்போது பிளாஸ்டிக் கொஞ்சம் சுருங்கும். அளவு ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், அச்சு செய்கிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்தே வெட்டுகிறார்கள். தொந்தரவு என்னவென்றால் எல்லா இடமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. தடித்த இடம் அதிகமாகச் சுருங்கி மேற்பரப்பில் சின்னக் குழி விழும். நீளமான மெல்லிய பாகம் வெயிலில் காயும் அப்பளம் போல ஒரு பக்கம் வளையும். அச்சு தேயத் தேய, இரண்டு பாதி அச்சுகள் சேரும் விளிம்பில் பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய பிசிறாக நிற்கும். இவ்வளவும் தொழிற்சாலையிலேயே நடந்து முடிந்த கதை.

ஆனால் நான் பார்த்தவரை, பெரிய இடுக்குகளுக்கு இவை மட்டும் காரணமாக இருப்பது குறைவு. பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகத்தை வெட்டி எடுத்த இடத்தில் ஒரு சின்ன முண்டு மிச்சமிருக்கும். பாகத்தின் உட்பக்கத்தில் அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசிகளின் வட்டத் தடம் மேடாக நிற்கும். இரண்டு பாதிகளைச் சரியாகப் பொருத்துவதற்கென்று வைத்த முளைகள் துளைக்குள் முழுசாக இறங்காது. இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஆள், விமானி அறையாக உடலுக்குள் வைக்கும் தொட்டி போன்ற பாகம். அதன் அகலம் ஒரு மயிரிழை கூடிவிட்டால் போதும், உடலின் இரண்டு பாதிகளையும் உள்ளிருந்து தள்ளித் திறந்துவிடும். வெளியே பார்க்கிறவருக்கு மேல் முதுகில் இடுக்கு தெரியும், பட்டியை எடுப்பார். உள்ளே தொட்டியின் பக்கவாட்டை நான்கு இழுப்பு தேய்த்திருந்தால் அந்த இடுக்கே இருந்திருக்காது.

அதனால் பசை தொடும் முன்பே பாகங்களை டேப் போட்டுச் சேர்த்துப் பார்ப்பதில் நான் தாராளமாக நேரம் செலவழிக்கிறேன். கண்ணை விட விரல் நகம் துல்லியம். ஒட்டுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டினால் எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று சொல்லிவிடும். இரண்டு பரப்பும் ஒரே மட்டத்தில் இருந்து நடுவில் இடைவெளி இருப்பது ஒரு வியாதி. இடைவெளியே இல்லாமல் ஒரு பக்கம் படி மாதிரி உயர்ந்து நிற்பது வேறு வியாதி. இரண்டாவதற்குப் பட்டி மருந்தே கிடையாது. மேடான பக்கத்தை இறக்க வேண்டும், இல்லை பாகத்தையே நகர்த்தி ஒட்ட வேண்டும்.

இப்போது டியூ-142-இன் இறக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இறக்கை சேரும் இடத்தில் மேல்பக்கம் இடுக்கு இருந்தால் பலரும் சொல்லித் தரும் வழி, இரண்டு இறக்கை நுனிகளையும் ஒரு நீள டேப்பால் மேலே இழுத்துக் கட்டுவது. இறக்கை கொஞ்சம் நிமிரும், மேல் இடுக்கு மூடிக்கொள்ளும். இறக்கை மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும் விமானங்களுக்கு இது அருமையான வழி. டியூ-142 சேர்ந்த டியூ-95 குடும்பத்துக்கு ஆகாது. அந்தக் குடும்பத்தின் இறக்கை பின்னோக்கி வளைந்திருப்பதோடு, நுனிக்குப் போகப் போக லேசாகக் கீழே சாயும். டேப் போட்டு நிமிர்த்தினால் இடுக்கு போய்விடும், கூடவே விமானத்தின் சாயலும் போய்விடும். அரக்கோணம் வானத்தில் அதைப் பார்த்தவர்கள் யாரும் அந்த மாடலை டியூ-142 என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு வேறு வழி இருக்கிறது. இறக்கையை இழுக்காமல் உடலை அகட்டுவது. உடலின் இரண்டு பாதிகளை ஒட்டும் முன், இறக்கை சேரும் இடத்துக்கு நேர் உள்ளே, சட்டத்திலிருந்து வெட்டிய ஒரு குச்சியைக் குறுக்கே முட்டுக் கொடுக்கிறேன். குச்சியை வேண்டியதற்கு ஒரு மில்லிமீட்டர் நீளமாகவே வெட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைத்து, ஒவ்வொரு முறையும் இறக்கையை வைத்துப் பார்க்க வேண்டும். உடலின் சுவர் இறக்கையின் விளிம்பைப் போய்த் தொடும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதிகம் அகட்டினால் முதுகின் ஒட்டு திறந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது, அதைக் கை கண்டுபிடித்துவிடும். இது முடிந்தபோது என் மாடலின் இடது இறக்கையில் இடுக்கே இல்லை. வலது இறக்கையில் பின்விளிம்புப் பக்கம் மட்டும் காகிதம் நுழையும் அளவு மிஞ்சியது.

அந்த மிச்சத்துக்கும் பட்டி வேண்டாம். அங்கே வைக்க வேண்டியது பிளாஸ்டிக். கால் மில்லிமீட்டர் தடிமனில் பாலிஸ்டைரீன் பட்டைகள் மாடல் கடைகளில் விற்கின்றன. தபாலில் வரும் வரை காத்திருக்க மனமில்லை என்றால், பயன்படுத்தி எறியும் கப்புகளின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், மாடலும் அதே ஜாதி. 5 என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், மாடல் பசை அதை ஒன்றும் செய்யாது. பட்டையை இடுக்கில் செருகி, பசையை ஓடவிட்டு, நன்றாக இறுகிய பிறகு மீந்ததை வெட்டித் தேய்த்தால் அந்த இடம் மாடலின் உடம்பாகவே ஆகிவிடும். ஒரே பொருள், ஒரே கடினம். பிற்பாடு கோடு கீறினாலும் பொடியாக உதிராது.

பசை பற்றியும் ஒரு வார்த்தை. தமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற, சிமெண்ட் என்று நாங்கள் சொல்லும் நீர்த்த மாடல் பசைகளில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். ஃபெவிகால் மாதிரி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும் பசை இல்லை இது. பிளாஸ்டிக்கையே கரைத்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். அதனால் நேரான, நன்றாகப் பொருந்திய ஒட்டுக்கு உலகிலேயே நல்ல அடைப்பான் இந்தச் சிமெண்ட்தான். இரண்டு பாதிகளையும் மயிரிழை விலக்கிப் பிடித்து, தூரிகையால் தொட்டால் சிமெண்ட் தானாக ஒட்டு நெடுக ஓடும். கொஞ்சம் பொறுத்து, அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரம்பாக வெளியே பிதுங்கும். அதைத் துடைக்க மனசு பரபரக்கும், துடைக்கக் கூடாது. குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டு, பிளேடின் முதுகால் சுரண்டி எடுத்தால் ஒட்டு இருந்த சுவடே இருக்காது.

எங்கள் ஊர் வெயிலுக்கு இதில் ஒரு திருத்தம் தேவை. கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது அசிட்டோன் தூரிகையிலிருந்து ஒட்டுக்குப் போவதற்குள் பாதி பறந்துவிடும். மே மாதத்தில் உடல் பாதிகளை ஒட்டுவதாக இருந்தால் விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டராக ஒட்டிக்கொண்டு போவதே நல்லது. ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும், அந்த ஆவியை மூடிய அறையில் சுவாசிக்கக் கூடாது. சயனோஅக்ரிலேட்டுக்கு, அதாவது நம்ம ஃபெவிகுயிக் வகைக்கு, கணக்கு வேறு. அது காற்றின் ஈரத்தால் இறுகுவது. ஐப்பசி மழையில் சட்டென்று பிடிக்கும், வறண்ட வெயிலில் கொஞ்சம் தாமதிக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதற்குத்தான் பட்டி. இதை எனக்குச் சரியாகச் சொன்னவர் மாடல் கட்டுகிறவர் இல்லை, சத்துவாச்சாரி பக்கம் ஒரு டிங்கரிங் கடையில் கார்களுக்குப் பட்டி பார்க்கிற பெரியவர். கார்களுக்குப் போடும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி கொஞ்சம் வாங்கலாமா என்று கேட்கப் போயிருந்தேன். எதற்கு என்று கேட்டார், கையில் இருந்த இறக்கையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இதுல பள்ளம் இவ்ளோ இருக்குதே. பட்டி ரொப்புறதுக்கு இல்ல, தடவுறதுக்கு. பள்ளம் பெருசா இருந்தா மொதல்ல தகட்டத் தட்டி நிமுத்தணும். அப்பறமாதான் பட்டி."

"மொத்தமா போட்டா என்ன ஆகும்ணே?"

"இன்னிக்கு நல்லா இருக்கும். பெயிண்ட் அடிச்சி ஒரு மாசம் கழிச்சி பாரு, குழி விழும்."

அவர் சொன்னதன் காரணம் எளிது. என்.சி. பட்டியிலும் மாடல் கடைகளில் கிடைக்கும் குழாய்ப் பட்டிகளிலும் பாதி வேலை செய்வது கரைப்பான். அது ஆவியாகிப் போனால் அது இருந்த இடம் காலி, பட்டி சுருங்கும். தடிமனாகப் போட்டால் மேல்தோல் காய்ந்துவிடும், உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் மெதுமெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் மேல்தோல் இன்னும் சீக்கிரம் காய்வதால் ஏமாற்றமும் அதிகம். பாலிஸ்டைரீனில் கூடுதலாக ஒரு ஆபத்து, அந்தக் கரைப்பான் அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கையே இளக்கிவிடக் கூடும். மெல்லியதாக ஒரு பூச்சு, காயவிட்டு, இன்னொரு பூச்சு. வேறு வழி இல்லை.

எம்-சீல் போன்ற இரண்டு பாக எபாக்ஸி சுருங்காது. ஆனால் அதன் மாவு முரடு, விளிம்பை மெல்லியதாக இழுக்க வராது, கடினமும் பிளாஸ்டிக்கை விட அதிகம். பெரிய பொந்துக்கு உள்ளிருந்து ஆதாரம் கொடுக்க அதை வைக்கலாம், வெளிப்பரப்புக்கு வேண்டாம். நீரில் கரையும் அக்ரிலிக் பட்டி, தேய்க்க முடியாத இடங்களுக்கு வரம். கண்ணாடி மூடி உடலோடு சேரும் ஓரத்தில் தடவி, ஈரமான காது குடையும் பஞ்சால் துடைத்தால் இடுக்கில் மட்டும் தங்கும். கண்ணாடிப் பாகங்களின் பக்கத்தில் ஃபெவிகுயிக்கைக் கொண்டு போகவே போகாதீர்கள், அதன் ஆவி வெள்ளைப் படலமாகப் படியும்.

மற்றபடி ஃபெவிகுயிக் எனக்கு மிகவும் பிடித்த அடைப்பான். தனியாக அல்ல, டால்கம் பவுடரைக் குழைத்து. பலர் ஆப்ப சோடாவைப் போடுகிறார்கள். சோடா பட்டதும் அது கணத்தில் கல்லாகிவிடும், தேய்க்கும்போது கல் அப்படியே நிற்க, பக்கத்து பிளாஸ்டிக் பள்ளமாகும். பவுடர் கலந்தால் மெதுவாக இறுகும், பிளாஸ்டிக்கோடு சேர்ந்து சீராகத் தேயும். இரண்டிலும் ஒரு விதி உண்டு. ஒட்டிய ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்து முடித்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் முழுசாக இறுகி, பாலிஸ்டைரீனை விடக் கடினமாகிவிடும்.

மயிரிழைக் கோடுகளுக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500. அது திரவப் பட்டி, தூரிகையால் கோட்டின் மேல் ஓட்டிவிடலாம். 500, 1000, 1200 என்று எண் ஏற ஏற மாவு நைசாகும். காய்ந்ததும் உப்புத்தாளை எடுக்காமல், ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள். மேலே இருப்பது போகும், கோட்டுக்குள் இருப்பது தங்கும். அந்த ஆல்கஹால் பிளாஸ்டிக்கைத் தொடாது. சுற்றியுள்ள நுணுக்கமான செதுக்கல்களும் பிழைத்துக்கொள்ளும்.

கருவிகள் விஷயத்தில் வேலூர்க்காரன் கொடுத்து வைத்தவன். சி.எம்.சி. மருத்துவமனை எதிரே ஐடா ஸ்கடர் சாலையில் சர்ஜிகல் சாமான் விற்கும் கடைகளில் 3-ஆம் எண் கைப்பிடியும் அதில் மாட்டும் 11-ஆம் எண் பிளேடும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கூர்முனை 11, வெட்டவும் கீறவும். வயிறு வளைந்த 15, சுரண்டுவதற்கு. சிமெண்டை இம்மியளவு வைக்க மெல்லிய ஊசியோடு ஒரு சிரிஞ்சு. எல்லாவற்றையும் விட, பல் மருத்துவர்கள் மெழுகு செதுக்கும் லெக்ரான் கார்வர். ஒரு முனை இலை மாதிரி, மறுமுனை கரண்டி மாதிரி. எஞ்சின் கூட்டுக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள வளைவில் பட்டியை இழுத்து விட இதை மிஞ்சிய கருவியை நான் பார்த்ததில்லை.

தேய்ப்பது தண்ணீரோடுதான். தூசி பறக்காது, தாளும் அடைத்துக்கொள்ளாது. 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 800, 1000 என்று ஏறுகிறேன், உலோக நிறம் அடிக்கப் போகும் இடமென்றால் 2000 வரைக்கும். வளைந்த பரப்பில் விரலால் அழுத்தித் தேய்த்தால் பட்டி உள்வாங்கும். தாளைப் பென்சில் ரப்பரில் சுற்றிக்கொண்டால் மட்டம் கெடாது. டியூ-142-இன் இறக்கைமேல் காற்றோட்டத்துக்காக நிற்கும் சின்னத் தடுப்புத் தகடுகளை எஞ்சின் கூடுகளின் ஒட்டு முழுக்கத் தேய்த்து முடித்த பிறகே ஒட்ட வேண்டும். விளக்கவுரைத் தாளின் வரிசை இதைச் சொல்லாது.

தேய்த்தது போதுமா என்று கண்டுபிடிக்கவும் டிங்கரிங் கடை வழியே சிறந்தது. பட்டியின் மேல் கருப்பு பெயிண்டை லேசாகத் தூவிவிட்டுத் தேய்ப்பார்கள். பள்ளத்தில் கருப்பு தங்கும், மேடு வெளுக்கும். நான் வெள்ளி நிறத்தைப் பூசுகிறேன். வெள்ளி எதையும் மறைக்காது, மாலை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் முடிக்குக் குறைவான கோடும் தெரிந்துவிடும்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது, இதில்தான் பலர் ஊக்கம் மிகுந்து எல்லை தாண்டுகிறார்கள். எல்லாக் கோடும் அடைக்க வேண்டிய கோடு அல்ல. நிஜ விமானத்தில் இருக்கும் இடைவெளிகள் இருந்தே ஆக வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பாகங்கள், வால் திசைமாற்றி, வயிற்றில் ஆயுத அறைக் கதவுகள், சக்கரக் கதவுகள், இவற்றின் ஓரம் ஆழமாகத் தெரிய வேண்டும். மாடலின் பாதிகள் ஒட்டிய தடம்தான் போக வேண்டியது. எது எது என்று சந்தேகம் வந்தால் நமக்கு ஒரு வசதி உண்டு. ஓய்வு பெற்ற டியூ-142 ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது, அடியில் நின்று வயிற்றின் கோடுகளைப் பார்க்கலாம், உள்ளேயும் ஏறலாம்.

ஒட்டைத் தேய்க்கும்போது அதற்குக் குறுக்கே போகும் தகட்டுக் கோடுகளும், அதாவது விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகளும், கூடவே அழிந்துவிடும். அவற்றைத் திரும்பக் கீற வேண்டும். பெயர் பதித்து ஒட்டும் டைமோ லேபிள் டேப் தடிமனாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருப்பதால் உடலைச் சுற்றி ஒட்டி அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 11-ஆம் எண் பிளேடைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால், கனமே கொடுக்காமல் பல முறை இழுக்க வேண்டும். அடியில் இருப்பது பிளாஸ்டிக் என்றால் சுத்தமான சுருளாக வரும். ஃபெவிகுயிக்கும் பரவாயில்லை. குழாய்ப் பட்டி என்றால் கோட்டின் ஓரம் பொடிந்து உதிரும், அப்போது அந்த இடத்தில் சர்ஃபேசரை ஓட்டி மறுபடி கீற வேண்டியதுதான். வலது இறக்கையில் நான் செருகிய பட்டையின் மேல் நேற்று இரண்டு கோடுகளைக் கீறினேன், ஒன்றும் உதிரவில்லை. அடுத்து நான்கு எஞ்சின் கூடுகளின் அடிவயிறு. அங்கே வளைவு அதிகம், டேப் நிற்காது. மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒரு வளைவு வெட்டி வைத்திருக்கிறேன்.